போத்தலடியில் கண்ட சுண்ணாம்பு

பிலேந்திரன் எந்தப் போத்தலையும் முதலில் நிமிர்த்திப் பார்த்ததில்லை. அடியைப் பிடித்து மெல்லக் கவிழ்த்து, மேசை விளக்கின் முன்னே உயர்த்தி, மனத்துக்குள் பன்னிரண்டு வரை எண்ணுவார். அடியில் தங்கியிருப்பது எதுவாயினும் அந்தப் பன்னிரண்டுக்குள் கழுத்தை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும். ஒன்றும் இறங்காவிட்டால் போத்தலை நிமிர்த்திப் பெட்டிக்குள் வைத்து, தாளில் தமது பெயரின் முதலெழுத்தை இடுவார். ஏதேனும் இறங்கினால் அந்தப் பெட்டி தனியே போகும்.

நோர்வேயின் ஒஸ்லோ நகரில், குரோருட் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் இருந்த அந்தக் களஞ்சியத்தில் பதினான்கு ஆண்டுகளாக அவர் இதைச் செய்து வந்தார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் லொறிகளில் வரும் வைன் அங்கே இறக்கப்பட்டுச் சரிபார்க்கப்பட்ட பிறகே அரசின் மதுக்கடைகளுக்குப் போகும். பிலேந்திரனின் முதலெழுத்து இருந்தால் முகாமையாளர் தூரே மறுகேள்வி கேட்பதில்லை. இத்தனைக்கும் பிலேந்திரன் ஒரு துளி மதுவையும் நாவில் வைத்தவரல்லர். இளமையில் மடு மாதாவின் சந்நிதியில் செய்துகொண்ட நேர்த்தி அது. உடன் வேலை செய்த இரவீந்திரன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

“குடியாத மனிசனைத் தேடிப் பிடிச்சுக் குடிவகைக்குக் காவல் வைச்சிருக்கிறாங்கள். வெள்ளைக்காரன் விசரன் இல்லை, அண்ணை.”

கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் நோர்வேயில் கற்றதன்று. ஊர்காவற்றுறையில் இருபது வயதில் அவர் பார்த்த முதல் வேலை, பனை உற்பத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் கருப்பநீர் பொறுப்பேற்பது. பனையிலிருந்து இறங்கும் இனிப்பு நீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்காக அதைப் பிடிக்கும் மண்முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அளவோடு தடவினால் நன்று. மிஞ்சினால் வெள்ளைப் பொடியாக அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முட்டியையும் சரித்து அடியைப் பார்த்து, சுண்ணாம்பு மிஞ்சியதைத் திருப்பி அனுப்புவது அவர் கடமை. அந்தக் கண்ணைத்தான் அவர் கடல் கடந்தும் கொண்டு வந்திருந்தார். கண்ணோடு அது கற்ற பாடமும் சேர்ந்தே வந்திருந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், ஜேர்மனியிலிருந்து மூன்று பலட்டுகள் வந்து இறங்கின. ஒவ்வொரு மரத்தட்டிலும் அறுநூறு போத்தல்கள். ஆக ஆயிரத்து எண்ணூறு. அனுப்பியவர்கள் லோபெக் என்ற குடும்பத்தார். ஜேர்மனியின் குளிர் மிகுந்த கிழக்குப் பகுதியில், ஊன்ஸ்ட்ரூட் என்ற ஆற்றங்கரைச் சரிவில், தந்தையும் மகளும் இரண்டு வேலையாட்களுமாக நடத்தும் சிறிய தோட்டம். கம்யூனிச ஆட்சியில் பறிபோன நிலத்தைத் திரும்பப் பெற்று, இடிந்த கல்வரிசைகளைத் தம் கையால் அடுக்கி, மீண்டும் கொடி நட்டவர்கள். நோர்வேக்கு அவர்கள் அனுப்பிய முதல் சரக்கு இது. முந்தைய ஆண்டு விளைச்சலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்த மூன்று மரத்தட்டுகளில் இருந்தது.

லொறி வந்தபோது மணி மூன்று நாற்பது. பிலேந்திரனின் வேலை நான்கு மணிக்கு முடியும். பாரந்தூக்கி வண்டி மின்னேற்றத்தில் நின்றது. மகள் நிலூஜாவின் பள்ளியில் ஐந்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். வெளியே கூரையிட்ட ஏற்றுமேடையில் பலட்டுகளை இறக்கச் சொல்லி, சாரதியின் தாளில் ஒப்பமிட்டார். மாலை முறைக்கு வரும் இரவீந்திரனிடம் உள்ளே எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொல்ல மறந்து போனார். மேடைக் கதவு சாத்தியிருந்ததால் இரவீந்திரனுக்கு அவை அங்கே நிற்பதே தெரியாது.

மறுநாள் காலை இருவருக்கும் ஒரே முறை. கதவைத் திறந்தபோது உறைபனி பூத்த பெட்டிகளைக் கண்டு இரவீந்திரன் திகைத்தான். பிலேந்திரன் அவனைத் தேற்றினார். குளிர் எதைக் கெடுத்தது, கெடுக்கிறது வெக்கைதான் என்றார். அவர் அதை மனமார நம்பினார். அவர் வீட்டில் பனிக்காலம் முழுவதும் மீனும் ஆட்டிறைச்சியும் பல்கணியில்தான் இருக்கும். குரோருட்டில் பாதித் தமிழ் வீடுகளில் அப்படித்தான். இருவருமாகப் பலட்டுகளை உள்ளே தள்ளினர். அதன்பின் அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடைகளுக்கு அனுப்புமுன் வழக்கப்படி மூன்று பெட்டிகளைத் திறந்து, மூன்று போத்தல்களைக் கவிழ்த்தார். எண்ணிக்கை ஐந்தைத் தாண்டுமுன் மூன்றிலும் வெள்ளைத் துகள்கள் இறங்கின. மணல் போன்ற, மினுக்கமுள்ள வெண்மை. இருபது வயதில் திருப்பி அனுப்பிய முட்டிகள் அவர் கண்முன் வந்து நின்றன. தயக்கமின்றி அறிக்கையில் எழுதினார்: ‘அடியில் சுண்ணாம்பு காணப்படுகிறது.’

தூரே திடுக்கிட்டார். வைனில் வெளிப்பொருள் கலந்திருப்பதாகப் பொறுப்பேற்பவர் எழுதினால், அதை உற்பத்தியாளருக்கும் அரச மதுக்கடைகளின் கொள்வனவுப் பிரிவுக்கும் அறிவித்தே ஆகவேண்டும். அறிவித்தார். கடைகள் ஆயிரத்து நானூறு போத்தல்களைக் கேட்டிருந்தன. வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் இறுதி அறிக்கை வராவிட்டால் லோபெக் குடும்பத்தின் இடம் வரிசையில் அடுத்த வைனுக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. சுண்ணாம்பு உறுதியானால், இனி அந்தக் குடும்பத்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை காலை, ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து வரும் கப்பலில் மகள் கத்ரின் லோபெக் வந்து சேர்ந்தாள். நாற்பத்திரண்டு வயது, உயரம் குறைந்தவள், கைகள் மட்டும் ஆண்களின் கைகள் போல் தடித்திருந்தன. பள்ளியில் ரஷ்ய மொழி படித்த தலைமுறையைச் சேர்ந்தவள் ஆதலால் அவளுக்கு ஆங்கிலம் வராது. தூரேக்கு ஜேர்மன் தெரியாது. பிலேந்திரனோ நோர்வேக்கு வருமுன் மூன்று ஆண்டுகள் ஜேர்மனியில் அகதி விடுதியில் இருந்து உணவகமொன்றில் பாத்திரம் கழுவியவர். ஆகவே தூரே அவரை அழைத்து இருவருக்கும் நடுவே உட்கார வைத்தார். இரவீந்திரன் சற்றுத் தள்ளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

கத்ரின் குற்றஞ்சாட்டப்பட்ட போத்தலை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு தக்கையை எடுத்து, வைனை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அடியில் தங்கிய துகளை விரலால் எடுத்து நாவில் வைத்துக் கடித்தாள். அதன் பின்னரே பேசினாள். இது சுண்ணாம்பன்று, திராட்சையின் சொந்த உப்பு. எல்லா வைனிலும் கரைந்திருக்கிறது. கடுங்குளிர் பட்டால் மணியாகத் திரண்டு அடியில் விழும். குடிப்பவருக்கு அதனால் தீங்கில்லை. தங்கள் மலையே சுண்ணாம்புக் கல்தான்; கொடிகளின் வேர் சுண்ணாம்பில் இருக்கிறது, ஆனால் போத்தலுக்குள் ஒரு சிட்டிகையும் போட்டதில்லை. பிலேந்திரன் இவற்றை வாக்கியம் வாக்கியமாக நோர்வேஜிய மொழியில் சொன்னார். தூரே தலையசைத்தார்.

பிறகு அவள் தந்தையைப் பற்றிச் சொன்னாள். எழுபது வயதான ஹெல்முட் லோபெக், சுண்ணாம்பு என்று எழுதிய தொலைநகலைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டினத்தில் இருக்கும் வைன் பரிசோதகரிடம் தாமே நடந்து போனாராம். என் நிலவறையைச் சோதியுங்கள், ஒவ்வொரு பீப்பாவையும் திறவுங்கள் என்று எழுதிக் கொடுத்தாராம். அன்று முதல் நிலவறைக்குள் கால் வைக்கவில்லை. சோதித்து முடியும் வரை உள்ளே போனால், எதையோ மறைக்கப் போனான் என்று ஊர் சொல்லும் என்கிறாராம்.

இதையும் பிலேந்திரன் மொழிபெயர்த்தார். அவர் குரல் சற்றுத் தாழ்ந்திருந்ததைத் தூரே கவனிக்கவில்லை.

கத்ரின் பையிலிருந்து ஒரு நீண்ட தாளை எடுத்து மேசையில் விரித்தாள். லொறிக்குள் இருந்த வெப்பப் பதிவுத் தாள் அது. புறப்பட்டது முதல் ஒஸ்லோ வரை பத்துப் பாகைக்குக் கீழே ஓரிடத்திலும் கோடு இறங்கவில்லை. தங்கள் நிலவறையில் எட்டுப் பாகைக்குக் கீழே ஒருபோதும் குளிர்வதில்லை என்றாள். இவ்வளவு மணிகள் இந்தச் சில நாட்களில் திரள வேண்டுமானால் உறையும் குளிர் பட்டிருக்க வேண்டும் என்றாள்.

ஒரு குளத்துக்குக் கொக்கொன்றைக் காவல் வைத்தார்களாம். தண்ணீர் கலங்கினால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது கட்டளை. கொக்கும் நாள்தோறும் குளத்துக்குள் நடந்து நடந்து பார்த்து, ‘இன்றைக்கும் கலங்கியிருக்கிறது, கெண்டைகளின் வேலை’ என்று அறிவித்தது. கெண்டைகளைப் பிடித்துத் தண்டித்தார்கள். குளம் தெளியவில்லை. கொக்கு பொய் சொல்லவில்லை. கலங்கலை அது கண்டது மெய். தன் கால்கள் எங்கே நிற்கின்றன என்பதை மட்டும் அது ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

பிலேந்திரன் அப்போதுதான் குனிந்து பார்த்தார். உறைபனி பூத்த பெட்டிகள் நினைவுக்கு வந்தன. அந்த இரவின் குளிர் மைனஸ் பதினேழு என்று மறுநாள் சுரங்க ரயிலில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. 

“அவரிடம் கேளுங்கள்,” என்றாள் கத்ரின், தூரேயைக் காட்டி. “இந்தப் பெட்டிகள் ஓர் இரவாவது வெளியே நின்றனவா?”

கேள்வி பிலேந்திரனின் வாய் வழியாகவே தூரேயிடம் போக வேண்டும். போயிற்று. அதைக் கேட்ட தூரே அவரையே திரும்பிப் பார்த்தார்.

“பொறுப்பேற்றவர் நீங்கள்தானே. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

பெட்டி அடுக்கும் ஓசை நின்றது. இரவீந்திரன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். பதினான்கு ஆண்டுகள் ஒருவர் கண்ணை ஒருவர் நம்பிய அறை அது. பிலேந்திரன் யோசித்துப் பொய் சொல்லவில்லை. யோசிக்குமுன்னே சொல் வந்துவிட்டது.

“இல்லை,” என்றார் நோர்வேஜிய மொழியில். பிறகு கத்ரினிடம் திரும்பி, அதையே ஜேர்மன் மொழியிலும் சொன்னார்.

கத்ரின் அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். எழுந்து பலட்டுகளிடம் போனாள். பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு போத்தலின் தலையிலும் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். சிலவற்றில் தக்கை மேலெழுந்து, அதைப் போர்த்திய தகட்டுறை சிறு கொப்புளம் போல் புடைத்திருந்தது. உறைந்த வைன் பருத்துத் தக்கையைத் தள்ளியிருந்தது. நடுவில் இருந்த பெட்டிகளில் புடைப்பு இல்லை. வெளிப்பக்கப் பெட்டிகளில், அதிலும் ஒரே திசையில், வரிசையாக இருந்தது. அவள் சன்னலருகே சென்று ஏற்றுமேடையை நோக்கினாள். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள்:

“தக்கைகள் எழும்பியிருக்கின்றன, வெளிப்பக்கத்தில் மட்டும். நிலவறைக் குளிர் எல்லாப் பக்கமிருந்தும் வரும். இந்தக் குளிர் ஒரு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. இதையும் அவரிடம் சொல்லுங்கள்.”

பிலேந்திரன் சொன்னார்: “வெளிப்பெட்டிகளில் தக்கைகள் கொஞ்சம் எழும்பியிருக்கின்றன என்கிறார்.”

அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

தூரே பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவரல்லர், தமக்குக் கிடைத்த சொற்களைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார். இங்கே குளிர் படவில்லை என்றால் அவர் சொன்ன உப்பு விளக்கம் நிற்காது; தக்கையும் சரியாக அடைக்கப்படவில்லை. நாளை நண்பகல் இறுதிக் கடிதத்தை அனுப்பிவிடலாம் என்றார். கத்ரின் ஆவலோடு பிலேந்திரனைப் பார்த்தாள். நாளைக்கு முடிவு சொல்வாராம் என்றார் அவர். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவளுடைய கப்பல்.

மாலை சுரங்க ரயிலில் இரவீந்திரன் அவரருகே வந்து உட்கார்ந்தான். இரண்டாவது தரிப்பிடம் தாண்டியதும் தொடங்கினான்.

“அண்ணை, அண்டைக்கு விடிய ராம்ப்பிலை நிண்ட சாமானை உள்ளுக்கை கொண்டுவந்தது நீங்களும் நானும். எனக்கு ஞாபகம் இருக்குது. உங்களுக்கு?”

“இருக்குது.”

“சரி. எனக்குத்தான் மூளை பிசகிப் போச்சோ எண்டு யோசிச்சன்.”

பிலேந்திரன் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். இரவீந்திரனின் வேலை ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. அதை நிரந்தரமாக்கத் தூரேயிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தவரும் அவர்தான்.

“நான் உங்களைக் காட்டிக் குடுக்கமாட்டன், அண்ணை. நீங்கள் சொன்னா நானும் சொல்லுவன். நீங்கள் சொல்லாட்டி நான் ஊமை.” அவன் இறங்குவதற்காக எழுந்தான். “ஆனா ஒண்டு. ஊமையா நிக்கிறது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கன நாளைக்குத் தாக்குப் பிடிக்கமாட்டன்.”

அவன் அடுத்த தரிப்பில் இறங்கிப் போனான். பிலேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் மனைவி மரியரஞ்சனி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். மறைக்கிற முகங்களை நாள் முழுவதும் பார்த்துப் பழகியவள். நிலூஜா தன் அறைக்குப் போன பிறகு, என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிலேந்திரன் எல்லாவற்றையும் சொன்னார். வெளியே விட்டதையும், சுண்ணாம்பு என்று எழுதியதையும், இல்லை என்று சொன்னதையும், பாதியில் நிறுத்திய மொழிபெயர்ப்பையும் சொன்னார். வெளியே விட்டது மறதி என்றார். சுண்ணாம்பு என்றது அறியாமை என்றார். அவள் இரண்டுக்கும் தலையசைத்தாள்.

“இல்லை எண்டு சொன்னது பயம்,” என்றாள். “அதுவும் விளங்குது. கடைசியாச் செய்தது என்ன?”

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்தப் பொம்பிளை உங்கடை வாயைத் தன்ரை வாய் எண்டு நம்பிக் குடுத்தவ. அவவின்ரை சொல்லை அவவுக்குத் தெரியாமல் நீங்கள் முழுங்கிப் போட்டியள். அகதி விசாரணையிலை உங்களுக்கு அப்பிடி ஒருத்தன் மொழிபெயர்த்தவன் எண்டு எத்தினை வரியம் திட்டினனீங்கள்?”

அந்த வார்த்தை பிலேந்திரனை இருந்த இடத்திலேயே சுருங்க வைத்தது. அகதி விடுதியில் இருந்த நாட்களில், விசாரணை அறையில் அவர் சொன்ன எட்டு வாக்கியங்களை மூன்றாக்கிச் சொன்ன மனிதனை அவர் இன்னமும் மன்னிக்கவில்லை.

“வேலை போனா?” என்று கேட்டார்.

“போனாப் போகட்டும். எனக்கு வேலை இருக்குது. சோத்தைச் சாப்பிடுங்கோ.”

அவர் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே பிலேந்திரன் களஞ்சியத்தில் இருந்தார். தூரே வந்தவுடன் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். தூரே எட்டரைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டே அறைக்குள் போனார். ஒன்பது மணிக்குக் கத்ரின் வந்தாள். தூரே தட்டச்சிட்ட கடிதத்துடன் வெளியே வந்து இருவரையும் உட்காரச் சொன்னார். நண்பகல்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு இப்போதே அனுப்பிவிடலாம் என்றார். தொலைநகல் இயந்திரம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தூரே முதல் வாக்கியத்தை வாசித்தார். சரக்கு வந்த நாள், எண்ணிக்கை, வைனின் பெயர். பிலேந்திரன் மொழிபெயர்த்தார். கத்ரின் தலையசைத்தாள்.

தூரே இரண்டாவது வாக்கியத்தை வாசித்தார்: “போத்தல்கள் வந்து சேர்ந்தபோதே தக்கைகள் பழுதடைந்தும் அடியில் வெளிப்பொருள் படிந்தும் இருந்ததாக எமது பொறுப்பேற்பாளர் உறுதி செய்துள்ளார்.”

கத்ரின் காத்திருந்தாள். பிலேந்திரன் வாயைத் திறந்தார். ஜேர்மன் சொற்கள் நாவில் வரிசையாகவே நின்றன. அவற்றை அவர் வெளியே விடவில்லை. தூரே கடிதத்திலிருந்து கண்ணை உயர்த்தி, விளங்கவில்லையா என்று கேட்டார்.

“விளங்குகிறது,” என்றார் பிலேந்திரன். “இந்த வாக்கியம் பொய். அந்தப் பொறுப்பேற்பாளர் நான். நான் எதையும் உறுதி செய்யவில்லை.”

தூரே கடிதத்தை மேசையில் வைத்தார்.

பிலேந்திரன் நோர்வேஜிய மொழியில் முழுவதையும் சொன்னார். பலட்டுகள் வியாழன் பிற்பகல் முதல் வெள்ளி காலை வரை ஏற்றுமேடையில் நின்றன. உள்ளே எடுக்கச் சொல்ல மறந்தவர் அவர். குளிர் கெடுக்காது என்று நினைத்தவர் அவர். அடியில் கண்டதைச் சுண்ணாம்பு என்று எழுதியவர், அது சுண்ணாம்புதானா என்று யாரிடமும் கேட்டதில்லை. நேற்று இல்லை என்று சொன்னது பொய். நேற்று இந்த அம்மா சொன்னதில் பாதியை உங்களுக்குச் சொல்லவில்லை. குளிர் ஒரு பக்கத்திலிருந்து வந்தது என்றும் இந்த அம்மா சொன்னார். இவ்வளவையும் சொல்லி முடித்து, மூச்சு வாங்கி, கத்ரினிடம் திரும்பி, தமக்கு எதிரான அத்தனை வாக்கியங்களையும் ஒன்று விடாமல் ஜேர்மன் மொழியில் சொன்னார்.

இரவீந்திரன் பாரந்தூக்கி வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றான். நானும் அன்று காலை கூட நின்றேன், எனக்கும் தெரியும் என்றான் தூரேயிடம். பிலேந்திரன் அதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

தூரே கடிதத்தை இரண்டாக மடித்தார். பேசியபோது குரலை உயர்த்தவில்லை.

“பதினான்கு வருடம் உங்கள் எழுத்தை நான் வாசித்ததே இல்லை, பிலேந்திரன். இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.”

இனிமேல் அவருடைய எழுத்துக்குக் கீழே இன்னொருவர் ஒப்பமும் வேண்டும் என்றார். வேலையைப் பற்றித் திங்கட்கிழமை பேசுவோம் என்றார். பிறகு கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுக் கொள்வனவுப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்த பெண் நிபந்தனையோடு சம்மதித்தாள். திருத்திய அறிக்கையும், தக்கை அசையாத ஆயிரத்து நானூறு போத்தல்களும் இருப்பதாக மூன்று மணிக்குள் எழுத்தில் வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்தவருக்கு.

மணி ஒன்பது நாற்பது. ஒவ்வொரு போத்தலாகப் பார்க்காமல் எத்தனை தேறும் என்று சொல்ல யாராலும் முடியாது. கத்ரின் மேற்சட்டையைக் கழற்றினாள். பெருவிரலைத் தகட்டுறையின் மேல் எப்படி வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று காட்டினாள். மயிரளவு புடைப்பு இருந்தாலும் விலக்க வேண்டும் என்றாள். பிலேந்திரன், இரவீந்திரன், கத்ரின் மூவரும் ஆளுக்கொரு பலட்டின் முன் நின்றனர். பத்து மணிக்குத் தூரேயும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

முதல் அரைமணி நேரம் வெளிப்பெட்டிகளே வந்தன. விலக்கிய போத்தல்கள் சுவரோரமாகப் பெருகின. நூறு, நூற்றெண்பது, இருநூற்றறுபது. நானூறு வரைதான் விலக்கலாம். பதினொரு மணிக்கு முந்நூற்றுப் பத்து. பிலேந்திரனின் பெருவிரல் நுனி மரத்துப் போயிற்று, கையை மாற்றிக்கொண்டார். ஒரு போத்தலில் புடைப்பு இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. அதை விட்டுவிட்டால் எண்ணிக்கை தப்பும். அவர் கத்ரினிடம் நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் சுவரோரத்தைக் காட்டினாள். கொண்டுபோய் வைத்தார்.

நடுப்பெட்டிகளுக்கு வந்தபோது விலக்குவது குறைந்தது. முந்நூற்று ஐம்பது. முந்நூற்று எழுபது. இரவீந்திரன் கடைசிப் பெட்டியைத் திறந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அதில் ஒன்று போயிற்று. சுவரோரம் முந்நூற்று எண்பத்தெட்டு. பலட்டுகளில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. தூரே எண்ணிக்கையை இருமுறை சரிபார்த்தார். பிலேந்திரன் புதிய அறிக்கையை எழுதினார். அதன் கீழே தூரே ஒப்பமிட்டார். தாள் தொலைநகல் இயந்திரத்துக்குள் போவதைக் கத்ரின் கை கட்டி நின்று பார்த்தாள். முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மிகவும் களைத்திருந்தாள்.

துறைமுகத்துக்குப் புறப்பட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பிலேந்திரன் அவளருகே சென்று, தந்தையுடன் தொலைபேசியில் பேச வேண்டும் என்றார். கடைகளுக்கு எழுதியது கடைகளுக்கு. சுண்ணாம்பு என்ற சொல்லை உங்கள் தந்தைதான் வாசித்தார் என்றார். அவள் தயங்கினாள். தந்தை கடுமையாகப் பேசக்கூடியவர் என்றாள். பேசட்டும் என்றார் பிலேந்திரன். அவள் இலக்கத்தை அழுத்தி, இரண்டு வார்த்தை சொல்லி, தொலைபேசியை அவர் கையில் கொடுத்தாள்.

பிலேந்திரன் தமது பெயரைச் சொன்னார். தமது தொழிலைச் சொன்னார். பாத்திரம் கழுவிக் கற்ற ஜேர்மன் மொழியில், இலக்கணம் தடுக்கத் தடுக்க, நடந்ததைச் சொன்னார். 

“எவ்வளவு குளிர்?” என்று முதியவர் கேட்டார்.

“மைனஸ் பதினேழு.”

“சுண்ணாம்பை நீங்கள் பார்த்தீர்களா, நினைத்தீர்களா?”

“நினைத்தேன். பார்த்ததாக எழுதினேன்.”

 பிறகு முதியவர், இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை என்றார். பரிசோதகர் இப்போது நிலவறையில் மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார், அவரிடம் சொல்லுங்கள் என்றார். தொலைபேசியுடன் முதியவர் கற்படிகளில் இறங்கும் காலடி ஓசை கேட்டது, நிலவறை வாசலோடு நின்றுவிட்டது. கூப்பிடும் குரல் கேட்டது. புதிய குரலொன்று தொலைபேசிக்கு வந்து, தமது பதவியைச் சொல்லி, யார் பேசுவது என்று கேட்டது.

பிலேந்திரன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பரிசோதகர் எழுதிக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பொறுங்கள் என்றார், பிலேந்திரன் பொறுத்தார். வெளியே வாகனத்தை இயக்கி வைத்திருந்த இரவீந்திரன், கப்பலுக்கு நேரமாகிறது என்று சைகை காட்டினான். கத்ரின் அசையவில்லை.

இறுதியில் பரிசோதகர், இந்தக் கூற்றை அளித்தவரின் முழுப்பெயர் வேண்டும் என்றார். பிலேந்திரன் சொன்னார். விளங்கவில்லை என்றார் அவர். பிலேந்திரன் எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தையும் பரிசோதகர் திருப்பிச் சொன்னார். பெயர் முடிந்ததும் பிலேந்திரன் ஒரு வேண்டுகோள் வைத்தார்.

“எழுதியதை லோபெக் ஐயாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் வாசலில்தான் நிற்கிறார்.”

பரிசோதகர் வாசிக்கத் தொடங்கினார். தொலைபேசியைக் காதோடு வைத்தபடி, கடைசி வரி முடியும் வரை பிலேந்திரன் நின்றுகொண்டிருந்தார்.